ஜாங்கிரிக்கு இளைப்பு

ஜாங்கிரிக்குச் சதை போட்டுவிட்டது என்பதில் ஜெயக்கொடிக்கு இன்று காலைவரை ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. மூன்று வாரமாகக் கைக்குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஊட்டியிருக்கிறாளே. அவித்த கொள்ளு, தவிடு, வேளைக்கு ஒரு கட்டாக இருந்த வைக்கோலை இரண்டு கட்டாக்கி, மலைக்குளிர் குதிரையின் உடம்பைத் தின்றுவிடக் கூடாதென்று தகரக் கொட்டகையின் சந்து பொந்தையெல்லாம் தார்ப்பாய் வைத்து அடைத்து, வீட்டில் ஆளுக்கொரு கம்பளி இல்லாவிட்டாலும் குதிரைக்குச் சாக்கில் ஒன்று தைத்துப் போட்டு, இவ்வளவு செய்தால் பலன் இல்லாமலா போகும். முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே, நெஞ்சுக்கு அடியில், சின்னத் தலகாணியை வைத்துத் தைத்த மாதிரி மெத்தென்று ஒரு திரட்சி வந்திருந்தது. காலையில் உடம்பு தேய்க்கும்போது அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, "இங்க பாருய்யா, எம்புட்டுச் சதை" என்று வீரணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் சுளுக்கிய காலை ஸ்டூல்மேல் நீட்டி, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உன் கையில சாப்பிட்டா குதிரை என்ன, கொட்டகைக் காலே குண்டாயிரும். என்னையப் பாரு" என்று தொந்தியைத் தட்டிக் காட்டினான். சிரித்துக்கொண்டேதான் கிளம்பினாள். அவன் கால் சரியாகிற வரைக்கும் குதிரையை ஏரிக்கு ஓட்டிவருவது அவள் வேலை, நாலு நாளாக. அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. அடுப்படியை விட்டுக் கொஞ்சம் காற்று, நாலு ஊர்ச் சனம், நாலு பேச்சு.

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ரோடு. பாதியைத் தாண்டிவிட்டார்கள், அல்லது தாண்டப்போகிறார்கள், மூடுபனியில் எந்தத் திருப்பம் என்று தெரியவில்லை. தைலமரத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிகிறது, மேல்பாகத்தை யாரோ அழித்துவிட்ட மாதிரி. தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. சீசன் இல்லை, வாரநாள், மனுசவாடையே இல்லை. திரும்பத் தூங்கின பாப்பா எழுந்திருப்பாள் இந்நேரம், பால் கட்டி ரவிக்கை இறுக ஆரம்பித்திருந்தது, எழுந்ததும் ஒருபக்கமாகப் புரண்டு கட்டில்காலைப் பிடித்து நிற்பாள், வீரணன் போனில் பாட்டுப் போட்டுக் காட்டிச் சமாளிப்பான், வீட்டில் இருக்கிறது ஒரு போன், அதை அவனிடம் விட்டுவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று. குதிரைமேல் உட்கார்ந்திருந்த அபிஷா, எட்டு வயசு, ரோஸ் கலர் குல்லா, நாகர்கோவில், வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள், போட் ஏறுகிற இடத்தில் நிற்பதாகச் சொல்லி. போகும்போது அந்த அம்மா, "இவள நடக்க மட்டும் விட்றாதிங்க, தணுப்புல நடந்தா முட்டும். ஒரு சுத்து குதிரையிலயே கொண்டுபோய்க் கொண்டுவந்திருங்க" என்று இரண்டு தரம் சொன்னாள். தணுப்பு குளிர் என்று புரிந்தது, முட்டும் என்றால் என்னவோ, பணக்காரப் பிள்ளை, கால் முட்டி வலிக்கும்போல என்று ஜெயக்கொடி தலையாட்டி வைத்தாள். மகராசி மாதிரி உட்காரட்டும், இறங்குவானேன். அப்போதுதான் ஜாங்கிரி இருமியது. காலையிலிருந்து மூன்றாவது தடவை. இரண்டாவது தடவையோ. தலையைத் தரைக்குக் கொண்டுபோய், கழுத்தை நீட்டி, அடிவயிற்றிலிருந்து. அபிஷா பிடியை விட்டுவிட்டு முன்னால் சரிந்தாள், ஜெயக்கொடி ஒரு கையால் அவள் தொடையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒண்ணுமில்ல பாப்பா, பனி ஏறிருச்சு அதுக்கு."

"அக்கா, இதுக்கு இளைப்பு உண்டா?" என்றாள் அபிஷா. பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டாள். "இருந்துச்சு பாப்பா. இப்ப இல்ல, தின்னு தின்னு தேறிருச்சு." "இல்லக்கா, இப்பவும் உண்டு. கேக்குல்லா." "என்ன கேக்குது?" "மூச்சு. எனக்கும் இளைப்பு உண்டுல்லா, எனக்கும் இப்படித்தான் கேக்கும்." ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ இளைச்சிருக்கியாக்கும். உன்னையத் தூக்கி ஏத்திவிட்டதுல எனக்கு இடுப்பே புடிச்சிருச்சு." பிள்ளை கோபப்படவில்லை, வாத்தியாரம்மா மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "அந்த இளைப்பு இல்லக்கா. மூச்சு இளைப்பு. ஸ்கூல்ல வீசிங்னு சொல்லுவாங்க, நாங்க வீட்டுல இளைப்புன்னு சொல்லுவோம். பஃப் அடிச்சா சரியாவும். இதுக்கு யாரும் பஃப் அடிக்கலியா?" ஜெயக்கொடியின் வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது, மூடத்தான் மறந்துவிட்டது. மூச்சு இளைப்பு. கயிறு கையில் இருந்தது, கால் நடந்தது, ரோட்டில் லாடம் டக் டக்கென்றது, அதற்கு நடுவில் முதல்முறையாக அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மூன்று வாரமாகப் பக்கத்திலேயே இருந்த சத்தம். உள்ளே இழுப்பது ஒரு தரம், வெளியே விடுவது இரண்டு தரம். விட்டு, விட்டது போதாதென்று வயிற்றை ஒரு எக்கு எக்கி இன்னொரு தரம் தள்ளுகிறது. ஹூம், ஹும். ஹூம், ஹும். விலாவுக்குக் கீழே வயிற்றோரமாக நீளத்துக்கு ஒரு வரி விழுந்திருந்ததே, உழைத்த குதிரை, உடம்பு முறுக்கேறிப் போயிருக்கிறது என்று பெருமையாக நினைத்திருந்தாளே, அந்த வரி இந்த இரண்டாவது தள்ளலில்தான் ஆழமாகிறது. இது முறுக்கு இல்லை. இது தள்ளித் தள்ளி விழுந்த வரி.

அந்த டாக்டர் அம்மாவும் இப்படித்தான் பேசினார். இந்தப் பிள்ளை மாதிரியே, உண்டுல்லா, கேக்குல்லா என்று, தெற்கத்திப் பேச்சு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் குதிரைகளுக்கு ஊசி போடுகிற முகாம், அன்றைக்கு அவள்தான் ஜாங்கிரியைக் கொண்டுபோயிருந்தாள். வரிசையில் முப்பது குதிரை, புதுசாக வந்த டாக்டர், சின்ன வயசு, காதில் குழாயை மாட்டி ஜாங்கிரியின் விலாவில் வைத்தார், இடம் மாற்றி வைத்தார், அப்புறம் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து ரொம்ப நேரம் வைத்திருந்தார். "இதுக்கு இளைப்பு உண்டு. பாத்துக்கணும், விட்டா நெஞ்சுக்குப் பிடிச்சிரும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க, விவரமாச் சொல்லுதேன்." அதற்குள் பின்னால் ஒரு குதிரை உதைத்து, யாரோ விழுந்து, டாக்டர் அந்தப்பக்கம் ஓடிவிட்டார். விவரம் என்ன விவரம், இளைத்திருக்கிறது என்றால் போட்டுத் தேற்ற வேண்டியதுதானே, அதற்கு ஒரு ஆஸ்பத்திரியா. எலும்பு தெரிந்தது நிசம். நெஞ்சுக்குப் பிடிச்சிரும் என்றது நெஞ்செலும்பு தெரிய ஆரம்பித்துவிடும் என்று சொன்னதாக்கும் என்று அவளே அர்த்தம் பண்ணி, வீட்டுக்கு வந்து வீரணனிடமும் அப்படியே சொல்லி, "பாவம், அந்தம்மாவுக்கே உடம்புல சதையக் காணோம், குதிரையப் பாத்து இளைச்சிருக்குதாம்" என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். எட்டாவது வரை படித்தவள். தமிழ்தான். தமிழ் தெரியாதா அவளுக்கு. இளைப்பு. இளைத்தால் இளைப்பு. அவளுடைய ஊரில் மூச்சு இழுத்தால் இழுப்பு, இரைத்தால் இரைப்பு. ஒரே ஒரு சொல், அது மலை ஏறி வருவதற்குள் வேறு சரக்கை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அவள் என்னென்ன செய்தாள். கீழ்நாட்டிலிருந்து வந்த வைக்கோல், மழையில் நனைந்து காய்ந்த கட்டு, அடிக்கட்டில் வெள்ளையாகப் பூசணம். பிரித்து உதறினால் புகை மாதிரி எழும்பும், அவளுக்கே தும்மல் வரும், தும்மிவிட்டு, பாரு ஜாங்கிரி, உனக்காகத் தும்முறேன் என்பாள். ஜாங்கிரியின் மூக்குக்கு நேராகத்தான் உதறினாள். கதவை அடைத்துத்தான் உதறினாள், குளிர்காற்று வரக்கூடாதே. தார்ப்பாய் வேறு. இரண்டு கட்டு. வேளைக்கு இரண்டு கட்டு.

அப்படியானால் சதை. இந்த நினைப்பு மட்டும் வராமல் இருந்திருக்கலாம். அப்படியானால் அந்தச் சதை எங்கிருந்து வந்தது, மூச்சுக்குத் தவிக்கிற உடம்பில் சதை எப்படிப் போடும், கழுத்திலும் முதுகிலும் போடாமல் நெஞ்சுக்கு அடியில் மட்டும் தொங்கினாற்போல எப்படிப் போடும். "ஒரு நிமிசம் நிப்போம் பாப்பா, சேணத்து வார் தளர்ந்தாப்புல இருக்கு" என்று பொய் சொல்லி நிறுத்தினாள். குனிந்து, கையை விட்டு, அந்த மெத்தென்ற இடத்தில் பெருவிரலை வைத்து அமுக்கினாள். பிசைந்து வைத்த மாவில் அமுக்குவதுபோல உள்ளே போயிற்று. விரலை எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. எண்ணினாள், ஒண்ணு, ரெண்டு, மூணு, பத்துவரை எண்ணியும் குழி மூடவில்லை. இந்தக் குழி அவளுக்குத் தெரியும். பாப்பா வயிற்றில் எட்டு மாசம், நர்சம்மா அவள் கால்மேல் இப்படித்தான் பெருவிரலை வைத்தார், எடுத்தார், குழியைப் பார்த்தார், அவர் முகம் மாறியது. அதுவரைக்கும் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது, பூசினாப்புல இருக்கா, தாய்மைக் களை, நல்லாச் சாப்பிடுறா என்று. "சதை இல்லம்மா இது. நீர்." அன்றைக்கே ஜீப்பில் போட்டுக் கீழே இறக்கினார்கள், கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் செத்துப்போவாள் என்று நினைத்தாள், வீரணன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ தமாசு சொன்னான், அவன் கை சில்லிட்டிருந்தது. நீர். நிமிர்ந்து பார்த்தாள். ஜாங்கிரியின் கழுத்தில், தொண்டையோரம், ஒரு நரம்பு விரல் தண்டிக்குப் புடைத்து, தாடைவரைக்கும் ஏறி ஏறி இறங்கியது, தோலுக்கு அடியில் ஏதோ உயிர் ஊர்கிற மாதிரி. வீட்டு மோட்டாரில் ஒருதரம் இப்படி ஆனது. மேலே டேங்குக்குப் போகிற பைப்பில் சேறு அடைத்துக்கொண்டு, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க, தண்ணீர் போக வழியில்லாமல் பச்சை ட்யூப் பாம்பு இரை விழுங்கின மாதிரி வீங்கி, கீழே மூட்டிலிருந்து கசிந்து தரையெல்லாம் தண்ணீர். மோட்டார் உறுமிற்று. அவள்தான் நின்று பார்த்தாள், மோட்டாருக்கு என்ன கோளாறு, நல்லாத்தானே ஓடுது என்று. கோளாறு மோட்டாரில் இல்லை, பைப்பில். ஆனால் வெந்துபோனது மோட்டார்தான். சட்டென்று நின்றது, ஒரு வாசனை வந்தது, அவ்வளவுதான். மூச்சுப்பை அடைத்துக்கொண்டால் நெஞ்சு தள்ளும். தள்ளித் தள்ளி வீங்கும். விட்டா நெஞ்சுக்குப் பிடிச்சிரும். டாக்டர் ஒன்றும் மறைத்துச் சொல்லவில்லை.

"அக்கா, போகலாமா?" என்றது மேலிருந்து குரல். மேலே. மேலே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. ஜெயக்கொடி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருசத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், மிக்கேல் அண்ணன் குதிரை இதே ரோட்டில் விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தடுக்கவில்லை, வழுக்கவில்லை. நடந்துகொண்டே இருந்த குதிரை, முன்முட்டி இரண்டையும் மடக்கி, சாமி கும்பிடப்போவதுபோல இருந்தது, அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேலே ஒரு காலேஜ் பெண். அவள் கால் அடியில். அந்தப் பெண் கத்தவில்லை, குதிரையும் கத்தவில்லை, அதுதான் பயங்கரம், ரோட்டில் இருந்தவர்கள்தான் கத்தினார்கள். நெஞ்சு நின்னுபோச்சு குதிரைக்கு என்று பிறகு சொன்னார்கள். முன்முட்டி. ஜெயக்கொடி ஜாங்கிரியின் முன்முட்டியைப் பார்த்தாள். நடுங்குகிறதா. குளிருக்கு நடுங்குகிறதா. அவளுடைய கண்தான் நடுங்குகிறதா. பிள்ளையை இறக்கிவிடு. இப்பவே இறக்கிவிடு. இறக்கிவிட்டால் நடக்க வேண்டுமே, இரண்டரை கிலோமீட்டர், இந்தப் பனியில். இவள நடக்க மட்டும் விட்றாதிங்க. முட்டும் என்றது கால் முட்டி இல்லை, மூச்சு முட்டும். அதையும் தப்பாகத்தான் கேட்டிருக்கிறாள். காதா இது, என்ன காது. "பாப்பா, அந்தப் பஃப்பு வச்சிருக்கியா?" "அம்மா பேக்குல உண்டு." அம்மா சைக்கிளில், சைக்கிள் பனிக்கு அந்தப்பக்கம். குதிரைமேல் இருந்தாலும் பயம், கீழே இறங்கினாலும் பயம், இங்கேயே நின்றால் தூறல் விழ ஆரம்பிக்கிறது, பின்னால் போனாலும் இரண்டரை, முன்னால் போனாலும் இரண்டரை. அப்போது ஒரு சைக்கிள் வந்தது. பனியிலிருந்து கிளம்பி, ஒரு பையனும் பெண்ணும், சிரித்துக்கொண்டு. கூப்பிடு, கூப்பிட்டுச் சொல்லு, முன்னால் போட் பக்கம் நாகர்கோவில்காரர்கள் நிற்பார்கள், வரச் சொல்லு என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். வாய் திறந்தது. என்னவென்று சொல்வது, என் குதிரை சாகப்போகிறது, மேலே ஊரார் பிள்ளை இருக்கிறது என்றா. சொன்னால் பிள்ளைக்குக் கேட்டுவிடும். குரலைக் கீழே இழுத்து, மேலே ஏற்றி, என்ன வார்த்தை என்று தேடுவதற்குள் சைக்கிள் போய்விட்டது, மணி மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. ஊரில் வாயாடி என்று பெயர் அவளுக்கு. பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு இறங்குவாள். ஒரு சத்தம் வரவில்லை. பால் மட்டும் பெருகி ரவிக்கையை நனைத்தது, இந்த உடம்புக்கு வேளை பொழுது கிடையாது, பயந்தாலும் பால்.

செய்கிற வேலை என்று ஒன்று கைக்கு வந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். ஏரியோரக் கைப்பிடிச் சுவர் இடுப்பளவு இருந்தது. ஜாங்கிரியை ஒட்டினாற்போல நிறுத்தி, "இறங்கு பாப்பா, சுவத்துல காலை வை, ஆங், என் கழுத்தைப் பிடி" என்று அபிஷாவைச் சுவர்மேல் நிற்க வைத்தாள். பிள்ளையின் பாரம் கழன்றதும் குதிரையின் முதுகு ஒரு அங்குலம் எழும்பியதைப் பார்த்தாள், பார்த்திருக்க வேண்டாம். "ஒரு சுத்து முழுசா குதிரையிலதான்னு அம்மா சொன்னாங்க" என்றாள் அபிஷா, உதடு பிதுங்கியது. "மீதிச் சுத்து நான்தான் குதிரை. ஏறு முதுகுல." "நான் வெயிட்டுக்கா." "உன் வயசுல நான் விறகே சுமந்தவ, ஏறு." சேணத்தின் வாரை அவிழ்த்தாள். வார் சரியாக அந்த வீக்கத்துக்குப் பின்னால்தான் இறுகி இருந்திருக்கிறது, தோலில் பள்ளமாக அச்சு, அதை இறுக்கிக் கட்டியவளும் அவள்தான், விழாமல் இருக்கட்டுமென்று இன்னொரு துளை கூட்டி. சேணத்தைச் சுவரோரம் போட்டாள். கடிவாளத்தையும் கழற்றினாள். மரத்தில் கட்டிவிட்டுப் போகலாமா என்று நினைத்தாள், கட்டினால் நிற்க முடியாமல் படுக்க நினைத்தாலும் கயிறு கழுத்தை இழுக்கும், கட்டவில்லை. அதன் நெற்றியில் கையை வைத்தாள். மூக்குத் துவாரம் இரண்டும் எக்காளம் மாதிரி விரிந்திருந்தன, உள்ளே ரோஸ் இல்லை, ஏதோ ஊதாக் கலந்த நிறம். "இங்கேயே நில்லு. புல்லு ஈரமாத்தான் இருக்கு, தின்னு. நான் பிள்ளைய விட்டுட்டு வந்துர்றேன். வராத. கேட்டியா, வராத." பிள்ளையிடம் சொல்கிற குரலிலேயே சொன்னாள். முதுகில் அபிஷா, இரண்டு கையையும் பின்னால் கோத்து, நாலு எட்டு வைத்தாள். பின்னால் டக். ஐந்தாவது எட்டு. டக், டக். அது சொன்னதைக் கேட்கிற குதிரை இல்லை, கூடவே வந்து பழகின குதிரை.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஏன் தோன்றியதோ. திரும்பினால் நிற்கும், நின்றால் விழும், விழுந்தால் இவள் பிள்ளையை இறக்கிவிட்டு அங்கே ஓடுவாள், பிள்ளை பனியில் தனியாக நிற்கும். ஆகவே திரும்பவில்லை. "பாப்பா, நீ பின்னாடி பாத்துக்கிட்டே வா. வருதா, நிக்குதான்னு சொல்லிக்கிட்டே வரணும்." "வருது" என்றாள் அபிஷா, விளையாட்டு கிடைத்த சந்தோசத்தில். "வருது. வருது. தலையத் தொங்கப் போட்டுட்டு வருது." ஜெயக்கொடி எட்டைச் சின்னதாக்கினாள். பிள்ளையின் நெஞ்சு அவள் முதுகில் ஒட்டிக்கொண்டு அடித்தது, வேகமாக, சின்னச் சேவல்குஞ்சைக் கையில் பிடித்தால் அடிக்குமே அப்படி. இதற்கும் கேட்கிறதா, இந்த நெஞ்சிலும் அந்தச் சத்தம் கேட்கிறதா. காது இப்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது, ஒன்று முதுகில், ஒன்று ரோட்டில். முதுகில் மெல்லிய விசில் ஒன்று கிளம்பியிருப்பதுபோல இருந்தது, இல்லை, அது காற்று, இல்லை, விசில்தான். "பாப்பா, ரொம்பப் பேசாத, மூச்சு வாங்கும்." "நீங்கதான பேசச் சொன்னீங்க." "சரி, வருதுன்னு மட்டும் சொல்லு." "வருது." யார் வீட்டுப் பிள்ளையோ, முட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. எந்தச் சாமியிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. இதைச் சேர்த்துவிட்டு அதைப் பார்க்கிறேன். அதையும் விட்டுவிடாதே. இரண்டையும் கேட்டால் ஒன்றுகூடக் கிடைக்காதோ என்று பயம் வந்தது, இதைமட்டும் என்று திருத்திக்கொண்டாள், திருத்திய நிமிசத்தில் பின்னால் வருகிற லாடச் சத்தம் துரோகம் மாதிரி முதுகில் குத்தியது. வீட்டுக்குப் போனதும் தார்ப்பாயைப் பிய்த்தெறிய வேண்டும், பாதிச் சுவரையும் இடித்துவிட வேண்டும். பூசணக் கட்டுகளைக் கொளுத்த வேண்டும், இல்லை, கொளுத்தினால் புகை. குழிவெட்டிப் புதைக்க வேண்டும். வைக்கோலை நனைத்துப் போடலாமோ, நனைத்தால் தூசி எழும்பாதே. கொட்டகைக்கும் அவர்கள் படுக்கிற அறைக்கும் நடுவில் ஒரு தகரம்தான், பாப்பாவின் தொட்டில் அந்தத் தகரத்தை ஒட்டித்தான் தொங்குகிறது. போன வாரம் பாப்பா இருமினாள். சளி என்று நினைத்தாள். எதை எதையோ நினைத்தாள், எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே ஒரு அர்த்தம் வைத்திருந்தாள். "அக்கா." "என்ன." "நிக்குது." அவளும் நின்றாள். தூறல் இலையில் விழுகிற சத்தம். இடுப்பு விண்ணென்று தெறித்தது. இரண்டு தோளுக்கும் நடுவில் பிள்ளையின் நெஞ்சு. "என்ன செய்யுது?" "சும்மா நிக்குது. வயித்த எக்குது." "சரி. நாமளும் நிப்போம்." எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளைக்கும் புரிந்துவிட்டது. பிறகு ரொம்ப மெதுவாக, "வருது" என்றாள் அபிஷா.

இப்படி நின்று நின்று எத்தனை தடவை. கடைசித் திருப்பத்தில் பனிக்குள்ளிருந்து சோளக்கதிர் சுடுகிற வாசனை வந்தது, அப்புறம் "அபிஷா, மக்களே" என்று குரல் வந்தது, முதுகில் இருந்த பாரம் நெளிந்து வழிந்து இறங்கி ஓடியது. "ஓடாத" என்று அந்த அம்மாவும் ஜெயக்கொடியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பேக்கைத் திறந்து, நீலக்கலர் டப்பாவை வாயில் வைத்து, ஒரு அமுக்கு, எண்ணி, இன்னொரு அமுக்கு. பிள்ளையின் தோள்பட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை ஜெயக்கொடி வைத்த கண் எடுக்காமல் பார்த்தாள். அப்பாக்காரர் கோபமாக ஏதோ கேட்டார், குதிரை எங்க, எதுக்கு மழையில சுமந்துட்டு வாறீங்க என்று. "முடியல சார் அதுக்கு" என்றாள். அவ்வளவுதான் வந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. "ஒரு போன் போட்டுத் தாங்க சார், மாட்டாஸ்பத்திரிக்கு" என்று கேட்டாள், அதற்குமட்டும் குரல் தெளிவாக வந்தது. போன் பேசி முடிந்தது. டாக்டர் அம்மா வருகிறாராம், நகர்த்தாதீங்க என்றாராம். பிள்ளை அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்திருந்தாள். வருது என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

ஜெயக்கொடி திரும்பினாள். ரோடு, பத்தடிக்கு மேல் வெள்ளை. லாடச் சத்தம் இல்லை. காதைத் தீட்டி நின்றாள், சோளக்கதிர்க்காரியின் கரி வெடித்தது, தண்ணீரில் துடுப்பு ஒன்று தட்டியது, அதற்கெல்லாம் அப்பால், வெள்ளைக்குள் எங்கேயோ, இழுப்பது ஒன்று, விடுவது இரண்டு. நின்றுகொண்டிருக்கிறது. அவளுடைய கால் இரண்டும் ஓடத்தான் பார்த்தன. ஓடக்கூடாது. ஜாங்கிரிக்கு ஒரு பழக்கம், ஆள் ஓடிவந்தால் தனக்குத் தீனிதான் வருகிறது என்று அதுவும் எதிரே ஓடிவரும். அதனால் அவள் நடந்தாள்.